கற்பூரம் அணைக்கப் போறேன்

மூக்கைப் பொத்தாதீங்க்கா. நாத்தம் வருதுன்னு எனக்கும் தெரியும். எம் மூக்கு ஒண்ணும் செத்துப் போகலை. முன்சீட்டுல தலையைத் தொங்கப் போட்டுட்டு ஒரு மனுசன் தூங்கறாரு பாருங்க, வெள்ளைச் சட்டை, நெத்தி நெறையத் திருநூறு. எங்கூட்டுக்காரருதான். டிரைவரு. ஹெவி டிரைவரு. பதினாறு சக்கர வண்டியை பம்பாய் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டு வந்தவரு. நாத்தம் அவருகிட்ட இருந்துதான் வருது. போதுமா? இப்பப் பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு ஒழுங்கா உக்காருங்க. எந்திரிச்சுப் போனாலும் இந்தப் பஸ்ஸுல வேற சீட்டு காலி இல்லை.

நான் சண்டைக்காரி இல்லைங்க்கா. இந்த ஆறு மாசத்துலதான் இப்படி ஆயிட்டேன். யார்கிட்டயாவது வாய்விட்டுக் கத்தணும்னு இருக்குது. எங்க தெருவுல இருக்கறவங்க எல்லாம் "ஐயோ பாவம்"னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கறாங்க. பாவம்னு சொல்றவங்ககிட்ட எப்படிச் சண்டை போடறது? நீங்களாவது மூக்கைப் பொத்துனீங்க.

எங்க போறோம்னு கேக்கறீங்களா? சங்ககிரி பைபாஸ்ல லாரிப் பட்டறைங்க இருக்குதில்லை, அதுக்குப் பக்கத்துல ஒரு முனியப்பன் கோயில். லைனுக்கு, அதான் லோடு ஏத்திட்டு வெளியூருக்கு, கெளம்பற வண்டியெல்லாம் அங்க நின்னு தேங்காய் ஒடச்சுட்டுத்தான் போகும். அங்கதான் எறங்கறோம். சாமி கும்பிட இல்லை, சத்தியம் பண்ண. எங்கூட்டுக்காரரு குடியை அடியோட உட்டுட்டாருன்னு நான் சொல்லணும். சொல்லி, எரியற கற்பூரத்தைக் கையில அடிச்சு அணைக்கணும்.

சிரிக்காதீங்க்கா. சிரிச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

எல்லாம் அந்தப் போலீசுக்காரனால வந்தது. ஆவணி மாசம் எங்கண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. இவரு லைன்ல இருந்து முந்தின நாளுதான் வந்திருந்தாரு. எங்க பக்கம் கெடா விருந்துன்னா, மச்சான் மாப்பிள்ளைமாருக்குத் தனியாத் தோப்புக்குள்ள பாய் விரிச்சிருப்பாங்க. அங்க ஊத்தலைன்னா அவுங்களுக்கு மரியாதை கொறஞ்சு போகும். தாம்தூம்னு குதிப்பாங்க. அதனால நாந்தான் எங்கண்ணனைத் தனியாக் கூப்புட்டு, "அண்ணா, இவருக்கு மொதல்லயே ஊத்தி உட்டுரு, பந்தியில சண்டை வராது"ன்னு சொன்னேன். நான் அவ்வளவு விவரமா இருப்பேனுங்க. எந்த விசேசத்துலயாவது எம் புருசனால ஒரு கலாட்டா வந்துச்சுன்னு யாரையாவது சொல்லச் சொல்லுங்க பாப்போம்.

விருந்து முடிஞ்சு மொபெட்டுல பொறப்பட்டோம். நான் பின்னால உக்காந்திருக்கேன், மடியில கறிக்கொழம்புத் தூக்கு. மொபெட்டுங்க்கா! லாரி இல்லை. நாய் தொரத்துனா நாய்தான் ஜெயிக்கும், அந்த மாதிரி வண்டி. நல்லாத்தான் ஓட்டிட்டு வந்தாரு. ஒருக்கா ரோட்டை உட்டுப் பள்ளத்துல எறக்குனாரு. ஒருக்கா எதுத்தாப்புல வந்த ஆட்டோக்காரன் "கண்ணு பொட்டையா"ன்னு திட்டிட்டுப் போனான். அதெல்லாம் ரோட்டுல எல்லாருக்கும் நடக்கறதுதான்.

ரயில்வே கேட்டுக்கிட்ட நிக்கறான் போலீசு. "எறங்குங்க, இதுல ஊதுங்க"ங்கறான். நான் சும்மா இருப்பனா? "சார், அவரு வாயில ஒரு சொட்டு வெக்கமாட்டாரு, வருசா வருசம் மலைக்கு மாலை போடறவரு"ன்னேன். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள இவரு ஊதிட்டாரு. மெசினு கீ கீன்னு கத்துது. இவரு என்ன பண்ணுனாரு தெரியுமா? இன்னொருக்கா ஊதறேன்னு சொல்லி வாங்கி ஊதறாரு, மொதல்ல கத்துனதை விட ஜாஸ்தியாக் கத்துது. அந்தப் போலீசுக்காரன் அவரைப் பாக்கலை, என்னையப் பாத்தான். பொய் சொன்ன புள்ளைய வாத்தியார் பாக்கற மாதிரி. வெளங்குவானா அவன்?

கோர்ட்டுல அபராதம் போட்டாங்க, கட்டுனோம். தொலைஞ்சுது சனியன்னு நெனச்சோம். அப்பறம் ஆர்.டி.ஓ. ஆபீசுல கூப்புட்டு, லைசென்சைக் குடு, ஆறு மாசத்துக்கு எந்த வண்டியும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. எனக்கு வந்துச்சே ஆத்திரம். "சார், குடிச்சுட்டு ஓட்டுனது மொபெட்டு. மொபெட்டு லைசென்சை எடுத்துக்குங்க, வேண்டாங்கலை. லாரி என்ன பாவம் பண்ணுச்சு? லாரி அன்னைக்குப் பட்டறையில நின்னுட்டிருந்துது"ன்னு கேட்டேன். ஞாயந்தானுங்க? அந்த ஆபீசரு பேனாவைக் கீழ வெச்சுட்டுச் சொல்றாரு, "ஏம்மா, கார்டும் ஒண்ணு, ஆளும் ஒருத்தன். மொபெட்டுல இருந்து விழுந்தா உம் புருசன் மட்டும் சாவான். லாரியில ஏறுனா எத்தனை பேரு சாவாங்கன்னு சொல்ல முடியுமா?"

காத்தால நேரத்துல, கட்டுன பொண்டாட்டிகிட்டப் பேசற பேச்சா இது? படிச்சவங்கதானே?

லைன்ல இவரு தொடவே மாட்டாருங்க. வண்டியில ஏறிட்டா டீ மட்டுந்தான். அவரே சொல்லியிருக்காரு. ஒருக்கா ஹூப்ளி தாண்டிப் பாலத்துச் செவுத்துல இடிச்சாரு, அது தூக்கக் கலக்கம். ஒருக்கா எருமை ஒண்ணு செத்துப் போச்சு, எருமைக்கு ரோட்டுல என்ன வேலை? அப்பறம் ஒரு சைக்கிள்காரன், தொடை எலும்பு போயிருச்சு. அவனே குறுக்க வந்தானாம். இவரு சொன்னாரு. நான் அந்த எடத்துல இல்லை, அந்தச் சைக்கிள்காரனும் என்கிட்ட வந்து ஒண்ணும் சொல்லலை.

எங்க குடும்பம் நல்ல குடும்பமுங்க்கா. கலியாணமாயி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு, எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லை. ஏன்னா அவரு ஊட்டுல இருந்ததில்லை. மாசத்துல ரெண்டு நாளு வருவாரு. கோழி அடிச்சுக் கொழம்பு வெப்பேன். குடிப்பாரு, தின்பாரு, தூங்குவாரு. எந்திரிச்சா மறுபடியும் லைனு. மத்த நாளு எல்லாம் நானு, எம் மவ மோகனா, தறிப்பட்டறைச் சத்தம், அவ்வளவுதான். ரெண்டு நாளுன்னா எந்தப் பொம்பளையும் யாரையும் பொறுத்துக்குவா. எமனையே பொறுத்துக்குவா.

அந்த மனுசனைக் கொண்டாந்து முழுசா ஆறு மாசம் எங்கூட்டுக்குள்ள உக்காத்தி வெச்சுட்டாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. லைசென்சைப் பிடுங்குனவன் பாட்டிலைப் பிடுங்குனானா? இல்லையே! ரோடு நல்லா இருக்கணும்னு ரோட்டுல இருந்து தூக்கி என் தலையில போட்டுட்டுப் போயிட்டான். சர்க்காருக்கு ரோட்டுல போறவன் உசுருதான் உசுரு. ஊட்டுக்குள்ள இருக்கறவளுக்கு உசுரு இல்லை. எந்த ஆபீசராச்சும் எங்கூட்டுக் கதவைத் தட்டி, "ஏம்மா, உம் புருசனை இங்க அனுப்பியிருக்கமே, நீ நல்லா இருக்கறயா"ன்னு கேட்டானா?

மொதல் மாசம் மூட்டை தூக்கப் போனாரு. மூணாம் நாளே நின்னுட்டாரு. ஸ்டியரிங் புடிச்ச கை மூட்டை தூக்காதாம். அப்பறம் ஒரு பட்டறையில வாச்மேன் வேலை. ராத்திரி காவலுக்குப் போனவரு நின்னுட்டிருந்த லாரியில ஏறிக் கதவைச் சாத்திட்டுக் குடிச்சுட்டுத் தூங்கியிருக்காரு. தொரத்தி உட்டுட்டாங்க. அப்பறம் காலையிலயே ஆரம்பம். நான் தறிப்பட்டறையில நூலுத் தார் சுத்திட்டிருப்பேன், அங்க வந்து எல்லாரு முன்னாலயும் என் தலைமுடியைப் புடிச்சு இழுப்பாரு. "எவனோட பேசிட்டிருக்கற?"ன்னு. நூலோடயும் தறியோடயும் பேசிட்டிருக்கேன், வேற எவனோட பேச?

இந்தக் காதோரம் பாருங்க்கா. நல்லாப் பாருங்க. செவுத்துல மோதுனது. மார்கழியில. மோகனா குறுக்க உழுந்தா, அவளையும் ஒரு ஒதை. அவ ஆபீசு வேலை முடிஞ்சா நேரா ஊட்டுக்கு வரமாட்டா. "அம்மா, அப்பா தூங்கிட்டாரா?"ன்னு போன் பண்ணுவா. தூங்கிட்டாருன்னு சொன்னாத்தான் வருவா. கலியாணத்துக்கு நிக்கற புள்ளை, சொந்த ஊட்டுக்குத் திருடியாட்டம் வருது.

உட்டுட்டு வந்துர வேண்டியதுதானேங்கறீங்களா? எங்க வரது? உங்க ஊட்டுக்கா? அட்ரஸ் சொல்லுங்க, நாளைக்கே பெட்டியோட வரேன். பாத்தீங்களா, சன்னலுக்குப் பக்கம் திரும்பிக்கறீங்க. எல்லாரும் இப்படித்தான். சொல்றதுக்கு மட்டும் நல்லாச் சொல்லுவீங்க.

சரி உடுங்க. ஆறு மாசம் முடிஞ்சுது. லைசென்சைத் திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னால ஒரு வகுப்புல உக்காத்தி வெச்சு ஆக்சிடெண்டுப் படமெல்லாம் போட்டுக் காட்டுனாங்களாம். இவரு தூங்கிட்டாரு. எழுப்பிக் கார்டைக் குடுத்தாங்க. எனக்குத் தலைகால் புரியலை. அந்தக் கார்டை வாங்கி சாமி படத்துக்கு முன்னால வெச்சு, மூணு பேரும் கும்பிட்டோம். இனிமே மனுசன் லைனுக்குப் போயிருவாரு, ஊட்டுக்கு நிம்மதி வந்துருமுன்னு மோகனா சர்க்கரைப் பொங்கலே வெச்சா.

கார்டு வந்து என்ன பண்ண? எந்த ஓனரும் வண்டி குடுக்க மாட்டேங்கறான். லைசென்சு நம்பரைச் செல்போன்ல அடிச்சாலே கேசு தெரியுதாம். பழைய மொதலாளி வாசல்லயே நிறுத்தி, "மாரப்பா, போயிட்டு வா"ன்னுட்டாரு. பட்டறை பட்டறையா அலைஞ்சாச்சு. கடைசியில அர்த்தநாரின்னு ஒரு ஓனரு. வயசானவரு, நல்ல மனுசன்னு பேரு. அவரு இவரையே பாக்கலை. பின்னால நின்னுட்டிருந்த என்னையக் கூப்புட்டாரு.

"அம்மிணி, கார்டு சர்க்காரு குடுத்தது. அது எனக்குப் பத்தாது. நாளைக்குக் குடிச்சுட்டு எதையாச்சும் அடிச்சான்னா இன்சூரன்சுக்காரன் கையை விரிச்சுருவான், நான் கோர்ட்டுப் படியேறணும். நீ செவ்வாக்கெழமை முனியப்பன் கோயிலுக்கு வா. உம் புருசன் குடியை உட்டுட்டான்னு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. அங்கயே சாவி குடுக்கறேன்"ங்கறாரு.

இது அந்தப் பக்கத்துல பழைய வழக்கமாமுங்க. கேசு ஆன டிரைவரை மறுபடியும் ஏத்தணும்னா அவன் சத்தியத்தை நம்ப மாட்டாங்க. குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சுன்னு அவுங்களுக்குத் தெரியும். பொண்டாட்டியக் கூப்புடுவாங்க. பொம்பளை தாலிக்குப் பயந்து பொய் சொல்ல மாட்டாளாம். எப்படி ரோசனை பாருங்க! குடிக்கறது ஆம்பளை, வண்டி ஓனரோடது, பொய் சொன்னாச் சாமி எடுத்துக்கறது மட்டும் என் தாலி.

இவருகிட்டக் கால்ல உழாத கொறையாக் கேட்டேன். "ஏனுங்க, செவ்வாக்கெழமை ஒரு நாளு மட்டும் தொடாம இருங்க. நான் வாயைத் தொறந்து சொல்லப் போறேன், அன்னைக்காச்சும் அது நெசமா இருக்கட்டும்"னு. சரி புள்ளைன்னு என் கையில அடிச்சுச் சொன்னாரு. இன்னைக்குக் காத்தால குளிச்சு, திருநூறு பூசி, சட்டையெல்லாம் போட்டு நிக்கறாரு. மாப்பிள்ளையாட்டம் இருந்தாரு, பொய் சொல்லக் கூடாது. பிளேடு வாங்கிட்டு வரேன்னு போனாரு. வந்தாரு. நீங்க மூக்கைப் பொத்துனீங்களே, அதோட வந்தாரு. பிளேடும் வாங்கிட்டு வரலை.

நான் அழுகலை. அழுது என்ன ஆகப் போகுது? மூஞ்சியைக் கழுவி உட்டு, வாயில ரெண்டு ஏலக்காயைப் போட்டு, பஸ் ஏத்திட்டு வந்துட்டேன்.

பயமா இல்லையான்னு கேக்கறீங்க. எதுக்குப் பயம்? முனியப்பனுக்கே சுருட்டும் சாராயமும் வெச்சுத்தான் படைக்கறோம். அவரு என்கிட்ட ஞாயம் பேச வரட்டும், பேசிக்கறேன். தாலி போயிருமுன்னு சொல்றாங்க. போகட்டுமே! ஐயையோ, நான் இப்படிச் சொன்னேன்னு எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிராதீங்க. கோவத்துல வாயில வந்துருச்சு.

செல்லாயின்னு ஒருத்தி இருக்கறாளுங்க, எங்க பட்டறையிலதான் தார் சுத்தறா. அவ புருசனும் டிரைவருதான். போன வருசம் இதே கோயில்ல பொய்ச் சத்தியம் பண்ணுனா. மூணே மாசம், தாலி போயிருச்சு. முனியப்பன் கேட்டு வாங்கிட்டாருன்னு ஊரெல்லாம் பேச்சு. முனியப்பன் எங்க வாங்குனாரு? அவன் மூக்கு முட்டக் குடிச்சுட்டு, நின்னுட்டிருந்த கண்டெய்னருக்குப் பின்னால கொண்டுபோய்ச் சொருகுனான். நடுவுல ஒரு ஸ்கூட்டருல புருசன் பொண்டாட்டி மாட்டிக்கிட்டாங்களாம். எந்த ஊரோ, என்ன பேரோ. செல்லாயிக்குத் தாலி போனதைத்தான் எல்லாரும் பேசுனாங்க. அவுங்களைப் பத்தி யாரும் பேசலை. நானும் கேட்டுக்கலை.

என்னங்க்கா, அப்படிப் பாக்கறீங்க?

என்ன சொல்றீங்க? மெதுவாச் சொன்னாக் கேக்காதுங்க, பஸ்ஸு சத்தம். ரோட்டுல போற சனமா?

ரோட்டுல போற சனம் எனக்கு மாமனா, மச்சானா? அவுங்களுக்காக நான் எதுக்குத் தலையை ஒடச்சுக்கணும்? ஏற்கெனவே ஒடஞ்சுதான் இருக்குது, காட்டுனேனில்லை. மார்கழியில நான் கத்துன கத்து எங்க தெரு முழுக்கக் கேட்டுச்சு. எந்தச் சனம் வந்துச்சு? அவனவன் டி.வி. சத்தத்தைக் கூட்டி வெச்சான். எம் பொண்ணு வாசப்படியில நின்னு நடுங்குனாளே, எந்தச் சனம் வந்து, "வா கண்ணு, எங்கூட்டுல இரு"ன்னு கூப்புட்டுச்சு? அவுங்க உசுரைக் காப்பாத்தறதுக்கு ஒரு ஆபீசு இருக்குது, போலீசு இருக்குது, ஊதறதுக்கு மெசினு இருக்குது. என் உசுருக்கு எந்த மெசினு இருக்குது? இவரு லைனுக்குப் போனா நான் பொழைப்பேன், எம் மவ பொழைப்பா. இல்லாட்டி ரெண்டு பேருல ஒருத்தி சாவோம். எனக்கு வேற கணக்குத் தெரியாதுங்க. நீங்களே என் எடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க பாப்போம். சொல்ல மாட்டீங்க. பையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு ரோட்டுல போற சனத்தைப் பத்திப் பேசுவீங்க.

பட்டறைங்க வந்துருச்சு. அந்த ஆலமரத்துக்குப் பின்னால தெரியறதுதான் கோயிலு. அர்த்தநாரி காரு நிக்குது பாருங்க, மனுசன் நேரத்துக்கு வந்துட்டாரு.

ஏனுங்க! எந்திரிங்க! எந்திரிங்கன்னா! எச்சியைத் தொடச்சுக்குங்க. நேரா நில்லுங்க. அவரு ஏதாச்சும் கேட்டா வாயைத் தொறக்காதீங்க, தலையை மட்டும் ஆட்டுங்க, நான் பேசிக்கறேன். அந்தக் கம்பியைப் புடிச்சுக்குங்க, உழுந்து தொலைச்சிராதீங்க.

வரேனுங்க்கா. கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. திங்கக்கெழமை காத்தால மொதல் லோடு. சிமெண்டு, கொச்சிக்கு. இதே ரோடுதான்.

எம் மவ இந்தப் பைபாஸ்லதான் ஸ்கூட்டியில ஆபீசுக்குப் போறா. நேத்து அவகிட்டச் சொல்லிட்டேன், "திங்கக்கெழமையில இருந்து ஸ்கூட்டிய எடுக்காத சாமி, ஊருக்குள்ள சுத்திட்டுப் போற டவுன் பஸ்ஸுல போ"ன்னு. ஏம்மான்னு கேட்டா. வெயிலுல நீ கருத்துப் போறயேன்னு சொன்னேன். எம் மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. அப்பறம் சாவியக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டா.

உங்க ஊட்டுலயும் யாராச்சும் இந்த ரோட்டுல போறாங்களா?

வேண்டாம், சொல்லாதீங்க்கா. எனக்குத் தெரிய வேண்டாம். நான் போயிக் கற்பூரத்தை அணைக்கணும்.